புனைவில் வாழும் அலெக்சாண்டர்

மாசிடோனிய வேந்தன் அலெக்சாண்டர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தபோது அவனுக்கு முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அவனைப் பற்றிய கதைகளோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நாடகம், நாவல், திரைப்படம், படக்கதை என நீளும் அவ்வரிசையில், தாம் விரும்பும் மாந்தரை எடுத்துக்கொண்டு வாசகர்களே எழுதும் ‘ரசிகர் புனைவு’ம் இன்று சேர்ந்துள்ளது. வரலாற்றைச் சிதைக்கும் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்குவோர் உளர். அவ்வாறு ஒதுக்குமுன், சிதைவுறாத அலெக்சாண்டர் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்த்தல் வேண்டும்.

அவனுடன் படையெடுப்பில் சென்ற கலிஸ்தனிஸ், தாலமி, அரிஸ்டோபுலஸ் ஆகியோர் எழுதிய நூல்கள் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று பெரிதும் நம்பப்படும் அரியனின் வரலாறு, அலெக்சாண்டர் இறந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டது. தாலமி பின்னாளில் அரசரானவர். அரசர் பொய்யுரைப்பது பிறர் பொய்யுரைப்பதினும் இழிவானது. ஆதலின் அவர் கூற்றை ஏற்கலாம் என்பது அரியன் காட்டும் காரணம். அரசுகளின் இயல்பறிந்தோர்க்கு இக்காரணம் புன்முறுவலையே வருவிக்கும்.

கலிஸ்தனிசின் பெயரை ஏற்றிப் பிற்காலத்தில் யாரோ ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய கதைநூல் இன்னும் துணிவுடையது. அதில் அலெக்சாண்டர் எகிப்திய மன்னன் ஒருவனின் மகன். நூல் வளர வளர, அவன் கண்ணாடிக் கலத்தில் கடலடிக்கு இறங்கினான். பறவைகள் சுமக்க வானிலும் ஏறினான். சிரியாக், அர்மீனியம், இலத்தீன் எனப் பல மொழிகளுக்கு அந்நூல் சென்றது. பிர்தௌசி 1010இல் நிறைவு செய்த ‘ஷாநாமா’வில் சிக்கந்தர் ஈரானிய அரசனின் மகனாகிறான், அவனிடம் தோற்ற தாராவோ அவனுக்கு உடன்பிறந்தவன். அந்நியனிடம் தோற்ற நாடு, அவனைத் தன் குருதியாக்கிக்கொண்டு தோல்வியின் வலியைத் தணித்துக்கொண்டது போலும்! ஆனால் அதே ஈரானில் சொராஸ்திரிய சமய நூல்கள் அவனைச் சபிக்கப்பட்டவன் என்றும், மறைநூலை எரித்தவன் என்றும் தூற்றின. ஒரே மண்ணில் இரண்டு அலெக்சாண்டர்கள்!

ஆகவே, இன்றைய இளைஞர் செய்வது புதுமையன்று. ஜப்பானிய எழுத்தாளர் கென் உரோபுச்சியின் ‘ஃபேட்/ஜீரோ’ நாவலில் வரும் இஸ்கந்தர் பேருருவம் படைத்தவன். பண்டைய நூல்களிலோ, சிறைப்பட்ட டேரியசின் தாய், உயரமாக நின்ற ஹெபஸ்தியோனையே மன்னன் என எண்ணி வணங்கிவிடுகிறாள். இத்தகைய முரணைக் கண்டு சினம் கொள்ளத் தேவையில்லை. முரண் தெரிந்த வாசகன் மூலநூலைத் தேடிச் செல்வான். அந்த அளவில் புனைவு வரலாற்றுக்கு வாயிலாகவே அமைகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. ரசிகர் புனைவு அன்பில் பிறப்பது. அன்பு தன் தலைவனின் முகத்தை மட்டுமே பார்க்கும். கி.மு. 335இல் தீப்ஸ் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. ஆறாயிரம் பேர் மடிந்தனர், முப்பதாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று பண்டைய நூல்கள் கூறுகின்றன. வீரனின் தனிமையையும் நட்பையும் பக்கம் பக்கமாக உருகி எழுதும் கதைகள் இந்நகரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மேரி ரெனால்ட் 1972இல் எழுதிய ‘பாரசீகச் சிறுவன்’ நாவல், பழைய நூல்களில் சிற்சில இடங்களில் மட்டுமே தோன்றும் பகோவாஸ் என்னும் அரண்மனைப் பணியாளனைக் கதைசொல்லியாக்கியது. தோற்ற நாட்டுக்கு ஒரு குரல் கிடைத்தது என்று மகிழலாம். எனினும் அக்குரலும் வென்றவனைப் போற்றுவதிலேயே பெரிதும் செலவாகிறது.

தீப்சில் திமோக்ளியா என்றொரு பெண் இருந்தாள். தனக்குத் தீங்கிழைத்த படைத்தலைவன் ஒருவன் பொன் கேட்டபோது, அதனைக் கிணற்றில் ஒளித்திருப்பதாகக் கூறி அழைத்துச் சென்று, அவனை உள்ளே தள்ளிக் கல்லெறிந்து கொன்றாள். மன்னன் முன் நிறுத்தப்பட்டபோதும் அவள் அஞ்சவில்லை. அலெக்சாண்டர் அவளையும் அவள் குழந்தைகளையும் விடுவித்தான் என்று, அவனது பெருந்தன்மைக்குச் சான்றாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். எரியும் நகரிலிருந்து குழந்தைகளுடன் வெளியேறிய அவள் எத்திசையில் சென்றாள் என்பதை அவர் எழுதவில்லை. ரசிகர் புனைவு எழுதும் ஒருவர் அங்கிருந்து தொடங்கலாம்.