கதையின் நீதியும் கதையில் நீதியும்

சிறுவர்க்கு ஒரு கதையைச் சொல்லி முடித்த மறுகணமே, “இக்கதையால் அறியப்படும் நீதி யாது?” என்று வினவுவது தமிழர் கல்வியில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கமாகும். தாண்டவராய முதலியார் 1826 இல் பஞ்சதந்திரத்தை உரைநடையில் தந்த காலந்தொட்டு, பேசும் விலங்கு என்றாலே போதிக்கும் விலங்கு என்ற எண்ணம் ஆசிரியர் உள்ளத்திலும் பெற்றோர் உள்ளத்திலும் படிந்துவிட்டது. நரி வந்தால் தந்திரம், ஆமை வந்தால் பொறுமை, கழுதை வந்தால் மடமை என விடைகள் முன்னரே ஆயத்தமாக உள்ளன. மாணவன் செய்யவேண்டியது அவற்றை ஒப்புவிப்பது மாத்திரமே.

நீதிக்கதைக்கு ஒருவேளை பொருந்தக்கூடிய இவ்வினாவை நாவலின்மீதும் சுமத்தும்போதுதான் கேடு விளைகின்றது. இதற்குத் தக்க சான்று அன்னா செவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்னும் ஆங்கில நாவலாகும். 1877 நவம்பரில் வெளிவந்த இந்நூல், ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்தது. ஆசிரியை தம்மை ஆக்கியோன் என்று கூறாது, குதிரை மொழியிலிருந்து பெயர்த்தவர் என்றே முகப்பில் குறித்துக்கொண்டார். இளமையில் கால் ஊனமுற்றுக் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்த அவர், நோய்ப்படுக்கையில் பல ஆண்டுகள் முயன்று இதனை எழுதி, நூல் வெளிவந்த சில மாதங்களில், 1878 ஏப்பிரலில், மறைந்தார். அவர் இதனைச் சிறுவர்க்கென எழுதவில்லை. குதிரையோடு தொழில் செய்வோர்க்கென்றே எழுதினார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1890 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஏஞ்சல் இந்நூலைப் பெருந்தொகையில் அச்சிட்டுப் பரப்பியதும் அந்நோக்கம் பற்றியே ஆகும். தொழிலாளரின் கைக்கென எழுதப்பட்ட நூல் பிற்காலத்தில் சிறுவர் அலுமாரிக்குச் சென்றது. அங்கே அதன் பற்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன.

இன்று இளம் வாசகரோடு இந்நூலைப் பற்றி உரையாடுவோர் பெரும்பாலும் வந்துசேரும் முடிவு யாது? “விலங்குகளிடத்து அன்பாயிருத்தல் வேண்டும்” என்பதே. இம்முடிவு பிழையானதன்று. ஆயினும் அதனை அறிவதற்கு நாற்பத்தொன்பது அதிகாரங்கள் கொண்ட நாவல் எதற்கு? ஒரு சுவரொட்டி போதுமே!

நாவல் கூறுவது வேறு. குதிரை கைமாறுந்தோறும் அதன் பெயர் மாறுகின்றது. தன் பெயரும் தனக்கு உரியதன்று என்னும் நிலையில் வாழும் உயிர் அது. செல்வச் சீமாட்டி ஒருத்தியின் மாளிகையில், வண்டிக் குதிரைகளின் தலையை வலிந்து உயர்த்திக் கட்டும் வார் அதற்குப் பூட்டப்படுகின்றது. தலையைத் தாழ்த்தி உடலின் பாரத்தை முன்னே செலுத்தினாலன்றிக் குதிரை மேட்டில் வண்டி இழுத்தல் அரிது. இருந்தும் நிமிர்ந்த தலை அழகு என்பது அக்காலத்து நாகரிகம். அங்கே சவுக்கை ஓங்கிய கொடியவன் ஒருவனும் இல்லை. நாகரிகமே கொடுமை செய்கின்றது. “கொடியவர் ஆகாதீர்” என்ற போதனை இவ்விடத்தில் யாருக்குப் பயன்படும்?

இதனினும் கூர்மையானவை இலண்டன் வாடகை வண்டிக்காரரைப் பற்றிய அதிகாரங்கள். சாம் என்னும் ஏழை வண்டிக்காரன் களைத்த குதிரையை அடித்து ஓட்டுகின்றான். பிறர் கடிந்தபோது அவன் தன் கணக்கை எடுத்துரைக்கின்றான். வண்டிக்கும் இரு குதிரைகளுக்கும் நாளொன்றுக்கு 18 சிலிங் வாடகை. அதனை ஈட்டிய பின்னரே தன் மனைவி மக்களுக்கு ஒரு காசேனும் மிஞ்சும். சில நாளில் அவன் நோயுற்று இறக்க, அவனது வண்டியை வேறொருவன் ஓட்டி வருகின்றான். வாடகை பெறும் ஸ்கின்னருக்கோ இழப்பொன்றுமில்லை. இதே நாவலின் முற்பகுதியில், செங்கற் பாரம் ஏற்றிய வண்டியின் குதிரைகளை அடித்த வண்டிக்காரனுக்கு எதிராக ஜோ கிறீன் என்னும் இளைஞன் சாட்சி சொல்ல, அவன் நீதவான் முன் நிறுத்தப்படுகின்றான். ஆனால் 18 சிலிங் கேட்கும் ஸ்கின்னரை எந்த நீதவானும் அழைப்பதில்லை. சவுக்கு ஒருவன் கையில். சவுக்கை ஓங்கச் செய்த கணக்கு மற்றொருவன் பெட்டியில்.

நல்ல எசமானே தீர்வு எனக் கூறுவோர்க்கும் நாவலே மறுமொழி தருகின்றது. ஜெரி பார்க்கர் என்னும் வண்டிக்காரன் குதிரையைக் குடும்பத்தவன்போற் பேணுகின்றான். புத்தாண்டுக்கு முந்திய இரவில், சீட்டாடிக்கொண்டிருந்த கனவான்களுக்காகக் கடுங்குளிரில் நெடுநேரம் காத்துநின்றதனால் அவன் நோயில் விழுந்து, அத்தொழிலையே விட்டுச் செல்ல நேர்கின்றது. குதிரை மீண்டும் விற்கப்படுகின்றது. கைகள் பல மாறி, ஈற்றில் அது வந்து சேருமிடம் ஸ்கின்னரின் இலாயமே. நல்லவனின் நன்மை குதிரையைக் காக்கவில்லை. ஏனெனில் அந்த நல்லவனும் பிறர் தயவில் வாழ்ந்தவனே.

“இஃது இங்கிலாந்துக் குதிரையின் கதை, கொழும்புச் சிறுவனுக்கு இதில் என்ன?” என்பார் உளர். அவர்கள் பொரளைச் சந்திக்கு வந்து நிற்றல் வேண்டும். 1895 முதல் இயங்கும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவோரும், கனத்தை மயானத்துக்குச் செல்வோரும், தனியார் வகுப்புக்கு விரையும் மாணவரும் ஏறிச் செல்வது முச்சக்கர வண்டிகளிலேயாம். அவற்றை ஓட்டுவோருள் வண்டி சொந்தமில்லாது நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரும் உளர். காலையில் வெறுங்கையோடு தொடங்கும் அவர்களுக்கும் சாமின் கணக்கே கணக்கு. பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் சிறுமி சாமின் கதையை உண்மையாகப் படித்திருப்பின், முன்னால் அமர்ந்திருப்பவரின் முதுகைப் புதிய கண்ணாற் காண்பாள். படிக்காவிடின், நூலை மூடிவிட்டுத் தெருநாயைத் தடவிக்கொடுப்பதோடு அவளது அறம் நின்றுவிடும்.

இளம் உள்ளம் இத்தகைய பாரத்தைத் தாங்காது என்பது மற்றுமொரு மறுப்பு. சிறுவர் தாங்கமாட்டார் என்று அஞ்சுவோர் உண்மையில் அஞ்சுவது அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கே. பாடசாலைப் புத்தகப் பையின் பாரத்தை முதுகில் அறிந்த பிள்ளைக்குப் பாரம் என்பது புதிய செய்தியன்று. வேறொரு புறத்தில், இந்நாவல் வெறும் கண்ணீர்க்கதை, வர்க்க உண்மையை மறைப்பது எனத் தள்ளிவிடுவோரும் உண்டு. நாவலின் முடிவு குறையுடையது என்பதை ஒப்புக்கொள்ளலாம். முன்னாளில் தன்னைப் பேணிய ஜோ கிறீன் தற்செயலாக அடையாளங்காண, அன்புடைய பெண்டிர் வீட்டில் குதிரை இளைப்பாறுகின்றது. அதனோடு ஒரே இலாயத்தில் நின்ற ஜிஞ்சரோ, மரணத்தையே வேண்டும் நிலைக்குத் தேய்கின்றது; பின்னர் ஒருநாள் இறந்த செந்நிறக் குதிரையொன்று வண்டியிற் செல்லக்கண்டு, அது ஜிஞ்சரே எனக் கதைசொல்லி எண்ணுகின்றது. ஒன்றுக்கு வாய்த்த நற்பேறு மற்றதற்கு ஏன் வாய்க்கவில்லை? இக்குறையை மறைப்பதும் தவறு, இதன்பொருட்டு நூலை எறிவதும் தவறு. இளம் வாசகர் முன் வைக்கத்தக்க மிகச் சிறந்த வினா இதுவே.

நீதி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கதையின் முடிவில் கூறப்படும் போதனை ஒன்று. மன்றிற் கேட்கப்படும் முறை மற்றொன்று. முதற்பொருளைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறந்ததே இக்கல்வியின் வறுமை. இத்தனைக்கும் அந்த இரண்டாம் பொருள் இந்நாட்டு மரபுக்கு அந்நியமானதன்று. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டதாக மகாவம்சம் கூறும் எல்லாளனின் வாயிலில், கன்றை இழந்த பசு மணியை அசைத்தது இரக்கம் வேண்டியன்று, முறை வேண்டியே. மன்னனும் பசுவைத் தடவிக்கொடுத்து அனுப்பவில்லை. தேரைச் செலுத்தியவன் தன் மகன் என்பதையும் பாராது தண்டித்தான். அத்தண்டனையின் கடுமையை இன்று எவரும் ஏற்கவேண்டுவதில்லை. எனினும் விலங்கு வழக்காடும் உரிமை உடையது என்னும் கருத்தை அக்கதை ஐயத்துக்கிடமின்றி நாட்டுகின்றது. இலங்கையில் விலங்குக் கொடுமையைத் தடுக்க 1907 இல் இயற்றப்பட்ட 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த தண்டப்பணத்தின் உச்சவரம்பு 100 ரூபா என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கின், மரபும் சட்டமும் எவ்வளவு தூரம் விலகி நின்றன என்பது புலனாகும்.

ஆகவே உரையாடலை நடத்துவோர் செய்யத்தக்கவை சில உள. சுருக்கப் பதிப்பொன்றைக் கையிலெடுப்பின், வண்டிக்காரர் அதிகாரங்கள் அதில் உள்ளனவா என முதலிற் பார்த்தல் வேண்டும். இல்லையேல் அவற்றை வாய்மொழியாகவேனும் சொல்லுதல் வேண்டும். “இதனால் அறியப்படுவது யாது?” என்ற வினாவைக் கைவிட்டு, “இக்குதிரையின் களைப்பினால் இலாபம் அடைந்தவர் யார்?”, “சாம் வேறு என்ன செய்திருக்கலாம்?”, “ஜிஞ்சர் செய்த குற்றம் என்ன?” என்று வினவுதல் வேண்டும். வினவிய பின்னர் பெரியவர் சிறிது நேரம் வாய் மூடியிருத்தலும் வேண்டும். இதுவே அவர்க்கு மிகக் கடினமான பணி. 1942 இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை நூலகம் முதலாகப் பாடசாலை வகுப்பறை ஈறாக, பிள்ளைகள் கூடும் இடமெங்கும் இதனைச் செய்யலாம். செலவு ஏதுமில்லை.

அன்பு காட்டுக என்று மாத்திரம் பயின்ற பிள்ளை நல்ல எசமானாக வளரக்கூடும். கணக்கைக் கேட்கப் பயின்ற பிள்ளையோ, ஒருவர் மற்றொருவருக்கு எசமானாயிருப்பது ஏன் என்று கேட்கும். பின்னையதற்கு அஞ்சுவோரே முன்னையது போதும் என்கின்றனர்.