உங்களுக்குச் செங்காந்தள், எங்களுக்குக் கண்வலிக்கிழங்கு

கார்த்திகை வந்தாப் போதும், வாட்ஸப்புல செங்காந்தள் படம் சுத்த ஆரம்பிச்சிடும். தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கத்தமிழர் போற்றிய மலர், வீட்டுக்கு வீடு வளர்ப்போம்னு கீழ ரெண்டு வரி. அதுக்கடுத்த வாரம் சென்னையில இருந்து போன் வரும். "அண்ணா, மாடித்தோட்டத்துக்கு ரெண்டு கிழங்கு கூரியர்ல அனுப்புங்களேன்."

அனுப்ப மாட்டேங்க. கிழங்கு, இலை, விதைன்னு அந்தக் கொடி முழுக்க விஷம். வாயில வைக்கிற வயசுல குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. இதைச் சொன்னா, "மாநில மலர்னு சொல்றாங்களே"ங்கிறாங்க. மாநில மலர்னா விஷம் இறங்கிடுமா?

குழந்தை இல்லாத வீடு, வளர்த்தே தீருவேன்னா கேட்டுக்கங்க. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், கவை நுனியில ஒரே ஒரு முளைதான். அது ஒடிஞ்சா அந்தப் பக்கம் அவ்வளவுதான். தண்ணி தேங்காத மண்ணு வேணும். இலை நுனியே சுருண்டு கொக்கியாப் பிடிச்சு ஏறுற கொடி இது. மொத்தமான கம்பத்தைச் சுத்த அதால முடியாது, மெல்லிசுக் கம்பியோ குச்சியோ கட்டுங்க. காய் முத்தினதும் கொடி காஞ்சு போகும். செத்துப்போச்சுன்னு தூக்கி எறியறவங்களும் உண்டு, பாவம்னு தினமும் தண்ணி ஊத்தி அழுக விடறவங்களும் உண்டு. கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குது, சும்மா விடுங்க. வாங்கும்போது தோட்டத்துல வெளஞ்ச கிழங்கான்னு கேட்டு வாங்குங்க. உங்க தொட்டிக்காகக் காட்டுல இருக்கிறதைத் தோண்ட வேண்டாம்.

இப்ப என் விசயத்துக்கு வர்றேன். எங்க மூலனூர், தாராபுரம் பக்கம் செங்காந்தள்னு சொன்னா வாத்தியார் வீட்டுல வேணா தெரியும். எங்களுக்கு அது கண்வலி. பூவுக்காக இங்க யாரும் வளர்க்கல, விதைக்காக வளர்க்கிறோம். விதையில இருக்கிற கோல்சிசின்தான், யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குறவங்களுக்கு மாத்திரையாகப் போகுது. விதையில்லாத தர்பூசணி உருவாக்கவும் அதே மருந்துதான்.

அந்த விதை எப்படி வருதுன்னு படம் அனுப்புறவங்க யாருக்காவது தெரியுமா? பூவை உத்துப் பாருங்க. இதழெல்லாம் மேல் நோக்கி மடங்கியிருக்கும், மகரந்தக் காம்பு ஆறும் சுத்தி விரிஞ்சிருக்கும், சூல்தண்டு மட்டும் கோவிச்சுக்கிட்ட மாதிரி பக்கவாட்டுல திரும்பிக்கும். தன் மகரந்தம் தன் மேல விழக்கூடாதுன்னு இயற்கை செஞ்ச ஏற்பாடு. அதனால பூச்சியை மட்டும் நம்பி இருந்தா எங்களுக்குக் காய் கட்டாது. பூக்கிற நாள் முழுக்க, காலையில பொம்பளையாளுங்க வரிசை வரிசையாப் போய், ஒவ்வொரு பூவாப் பிடிச்சு மகரந்தத்தைத் தொட்டு வைக்கோணும். தொடாத பூ வெறும் அழகு, அவ்வளவுதான். தொட்டு வெச்ச அன்னிக்கு ஐப்பசி மழை அடிச்சா அந்தக் கூலியும் போச்சு. ஈரம் நின்னா இலைக்கருகல், கிழங்கு அழுகல். நடவுக் கிழங்குக்கும் கம்பிக்கும் மட்டுமே லட்சக்கணக்குல போட்டிருப்போம்.

இத்தனைக்கும் அப்புறம் விதையைக் காயவெச்சு மூட்டை கட்டினா, விலை சொல்றது வியாபாரி. ஒரு வருசம் கிலோ ஆயிரக்கணக்குல போகும், அடுத்த வருசம் பாதிக்கு இறங்கும். ஏன்னு கேட்டா, "வெளிநாட்டுல ஆர்டர் இல்லீங்க" ஒரே பதில். இருக்கா இல்லையான்னு பார்க்க நமக்கு வழியே இல்லை. கடன் இல்லாதவன் வெச்சிருந்து விப்பான், மத்தவங்க கேட்ட விலைக்குக் கொடுப்பாங்க.

மாத்திரைக் கதை தெரியுமா? 2009ல அமெரிக்காவுல ஒரே கம்பெனிக்குத் தனி உரிமை கொடுத்தாங்க. 10 சென்ட்டுக்கும் கம்மியா வித்துக்கிட்டிருந்த கோல்சிசின் மாத்திரை 5 டாலர் கிட்டப் போச்சு. 2023ல இதய நோய்க்கும் அங்க அதுக்கு அனுமதி கிடைச்சிருக்கு. மருந்து விக்கிறவனுக்கு விலையைப் பிடிச்சு வைக்கத் தெரியுது. வெளைய வைக்கிறவனுக்கு மட்டும் சந்தை நிலவரம்!

"பணப்பயிர்தானே, ரிஸ்க் தெரிஞ்சுதானே போட்டீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார், ஐடியில வேலை பார்க்கிறவர். பருத்தியும் கொப்பரையும் என்ன, சாமிக்குப் படைக்கிறதா? ரெண்டும் பணப்பயிர்தான், ரெண்டுக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை சொல்லுது. அப்படி விலை சொல்ற 22 பயிர்ல கண்வலி இல்லை. மத்திய அரசுக்கு இது தமிழ்நாட்டுச் சின்னப் பயிர், விட்டுடுவோம். தன் மாநில மலர்னு அறிவிச்ச அரசு என்ன செய்யணும்? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல கண்வலி விதைக்கு ஏலம் நடத்தணும். இந்த விலைக்குக் கீழ போனா அரசே எடுத்துக்கும்னு அறுவடைக்கு முன்னாடியே சொல்லணும். விதையில கோல்சிசின் எவ்வளவுன்னு சோதிச்சு சீட்டுக் கொடுக்கணும், அப்பத்தான் "தரம் இல்லை"ன்னு வியாபாரி தள்ளுபடி கேட்க முடியாது.

குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்குற 99 பூவுல காந்தள்தான் முதல் பூ. அதைப் பெருமையா ஃபார்வர்டு பண்றவங்க, அடுத்த கார்த்திகைக்குப் படத்துக்குக் கீழ இந்த மூணு கோரிக்கையையும் சேர்த்து அனுப்புங்க. தை மாசம் எங்க களத்துல விதை காயும், அதுக்குள்ள அனுப்பினா நல்லது.