வீட்டு ஜெனரேட்டர்: இரண்டாவது மின் கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள்?

கோடை தொடங்கியதும் வட இந்திய நகரங்களின் தெருக்களில் ஜெனரேட்டர்களின் இரைச்சலும் தொடங்கிவிடுகிறது. குருகிராமிலும் நொய்டாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்புறத்தில் பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் நிற்கின்றன. கான்பூர், பாட்னா போன்ற நகரங்களின் கடைவீதிகளில் கடை வாசல்தோறும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் புகை கக்குகிறது. விற்பவர்கள் இதை வசதி என்கிறார்கள். உண்மையில் இது, மின்சாரம் வழங்கும் கடமையிலிருந்து அரசு பின்வாங்கும்போது மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் இரண்டாவது மின் கட்டணம். அந்தக் கட்டணத்தில் பணத்தோடு நம் நுரையீரலும் மின் தொழிலாளியின் உயிரும் சேர்ந்திருக்கின்றன.

பணக் கணக்கு

ஒரு லிட்டர் டீசலில் சிறிய ஜெனரேட்டர் ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் தருகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது. சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் இது 50 ரூபாயையும் எட்டும். பல மாநிலங்களில் நடுத்தரக் குடும்பம் மின் கழகத்திற்குக் கட்டுவதைப் போல இது பல மடங்கு. இயந்திரத்தின் விலையும் பழுதுச் செலவும் தனி.

தேவைக்கு மிஞ்சிய இயந்திரத்தை விற்பதும் வணிகத்தின் பகுதிதான். வாங்குபவர் முதலில் மின்தடையின்போது கட்டாயம் இயங்க வேண்டியவற்றின் வாட் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், ஏசி போன்றவை தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு இடம் விட வேண்டும். ஆனால் அதைக் காரணமாக்கி இரு மடங்கு பெரிய இயந்திரத்தை வாங்கத் தேவையில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மற்றதைப் போடுவது என்ற எளிய ஒழுங்கு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும் எண்ணைப் பொதுவாக 0.8-ஆல் பெருக்கினால் கிடைப்பதே கிலோவாட். டீசல் இயந்திரத்தைத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழான சுமையில் நெடுநேரம் ஓட்டினால், முழுமையாக எரியாத எரிபொருள் கரியாகப் படிந்து இயந்திரத்தைக் கெடுக்கும்.

பழுதுகளில் பெரும்பகுதி பராமரிப்பின்மையால் வருபவை. மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கிறது. மாதம் ஒருமுறை சுமையோடு சிறிது நேரம் ஓட்டுவதும், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வதும், கையேடு சொல்லும் மணிக்கணக்கில் எண்ணெய் மாற்றுவதும் போதும்.

உயிர்க் கணக்கு

ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையிலோ, படிக்கட்டின் அடியிலோ, கடையின் ஷட்டருக்கு உள்ளேயோ ஓட்டினால் உறங்குபவர் உறக்கத்திலேயே மடிவார். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. தில்லித் தலைநகர வட்டாரத்தில் காற்று மாசைக் காரணம் காட்டி 2023 அக்டோபர் முதல் டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆனால் அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசிப்பவர்கள் வாசல் காவலர்களும் நடைபாதை வியாபாரிகளும் ஆவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பலர் ஜெனரேட்டரின் கம்பியை நேரடியாக வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் செருகிவிடுகிறார்கள். மெயின் சுவிட்ச் அணைக்கப்படாவிட்டால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. அது தெருவுக்குச் சென்று, டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி, 230 வோல்ட்டிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்கிறது. மின்தடையை நீக்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி, மின்பாதை செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைக்கிறார். அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. கையுறையும் எர்த்திங் கோலும் முறையாக வழங்கப்படாதவர். இறந்தால் குடும்பம் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியவர். இரு மின்சாரங்களும் ஒருபோதும் சேராதபடி தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஜெனரேட்டரின் விலையில் மிகச் சிறிய பங்கே. தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சைப் பொருத்தாமல் ஜெனரேட்டரை இயக்குவது, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதாகும்.

அரசியல் கணக்கு

1943இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் இந்தியா தொழில்மயமாக முடியாது என்றும், தொழில்மயமாகாமல் மக்கள் வறுமையிலிருந்து மீள முடியாது என்றும் வாதிட்டார். 1948ஆம் ஆண்டு மின்சார (வழங்கல்) சட்டம் மாநில மின் வாரியங்களுக்கு வழி வகுத்தது. கிராமங்களுக்கு மின்கம்பி சென்றது அந்த வாரியங்களின் வழியாகத்தான். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வாரியங்களைத் துண்டாடவும் மின்சாரத்தைச் சந்தைச் சரக்காக்கவும் வழி திறந்தது.

மின்தடை பொதுத்துறைக் கழகங்களிலும் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல், சுமை தாங்காத டிரான்ஸ்ஃபார்மர்களை மாற்றாமல், தனியாரிடம் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கவைத்து, கழகங்களைக் கடனில் தள்ளியவர்களே பிறகு தனியார்மயத்தை மருந்தாக நீட்டுகிறார்கள். அந்த மருந்தை ஒடிசா 1999லேயே குடித்துப் பார்த்தது. அங்கே மூன்று பகிர்மான நிறுவனங்களை நடத்திய ரிலையன்ஸின் உரிமங்களை ஒழுங்குமுறை ஆணையமே 2015இல் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஆயினும் 2025 பிப்ரவரியில் சண்டிகர் மின் துறை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உத்தரப்பிரதேசத்தில் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் மின் கழகங்களைத் தனியாருக்குத் தரும் திட்டம் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும் மின் ஊழியர்கள் களமிறங்கினார்கள். மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடுமாறு தில்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகளும் கோரினார்கள். அவர்களுடன் பேசாமல் அதைக் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பரில் எழுத்தில் வாக்களித்த ஒன்றிய அரசு, 2022 ஆகஸ்டிலேயே மசோதாவை மக்களவையில் வைத்தது.

தனியார் நிறுவனம் லாபம் உள்ள வட்டாரத்தை எடுத்துக்கொள்ளும். நட்டம் உள்ள கிராமத்தைப் பொதுத்துறையின் தலையில் விட்டுவிடும். குறுக்கு மானியம் அறுந்தால், வசதியுள்ளவன் ஜெனரேட்டர் போட்டுக்கொள்வான். மற்றவர்கள் இருளில் இருப்பார்கள்.

எனவே தோழர்கள் இரண்டு பணிகளைச் சேர்த்தே செய்ய வேண்டியுள்ளது. குடியிருப்போர் சங்கங்களிலும் வணிகர் சங்கங்களிலும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் தேவையை எடுத்துச் சொல்வது முதலாவது. காலிப் பணியிடங்களை நிரப்பு, ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு, மின்சாரத்தைப் பொதுத்துறையில் காப்பாற்று என்ற மின் ஊழியர்களின் போராட்டத்தைத் தெருத்தோறும் மக்களின் போராட்டமாக்குவது இரண்டாவது. ஜெனரேட்டர் வாங்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே மின்கம்பியை நம்பி வாழும் தெருவில், இந்தக் கோரிக்கை இருவருக்கும் பொதுவானது.