முகமூடிக்கு உயிர் உண்டு!
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். புதிதாகப் படித்தவனுக்கு ஓர் ஆணவம் உண்டு. பழையது எதைக் கண்டாலும் ‘மூடத்தனம்’ என்று முத்திரை குத்திவிடுவான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆணவத்தை அசைத்தது, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட நாவல். இக்போ மக்களின் ஊரில் முன்னோரின் ஆவியாக முகமூடியாளர்கள் வருகிறார்கள். புதிதாகச் சமயம் மாறிய ஏனோக் என்பவன் ஊரறிய ஒரு முகமூடியைக் கழற்றி எறிகிறான். அவனுக்கு அது வெறும் வேடம். ஊருக்கோ தன் முன்னோரே கொலையுண்ட துயரம்! ஏனோக்கிடம் நான் என் முகத்தைக் கண்டேன்.

“அவையெல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை” என்பார் உண்டு. நண்பர்களே, அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் முகமூடி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்மலின் சீசாவில் மிதக்கும் தவளையைப் போன்றது. உருவம் இருக்கும்; துள்ளல் இராது. முரசும் பாட்டும் ஆட்டமும் சூழ்ந்து நிற்கும் ஊரும் சேர்ந்தால்தான் அது முகமூடி.

மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தத் துள்ளல் இன்றும் இருக்கிறது. பெனின், நைஜீரியா, டோகோ நாடுகளில் யொருபா மக்கள் ஆடும் கெலடே, தாய்மாரின் ஆற்றலைப் போற்றுவது. ஊரின் குறைகளை நையாண்டி செய்வது. அதன் தலைமுடிகளில் மோட்டார் சைக்கிளையும் தையல் இயந்திரத்தையும்கூடச் செதுக்கியிருக்கிறார்கள் சிற்பிகள். இக்போ மக்களின் இஜேலே ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். அதைச் செய்ய நூறு பேர் ஆறு மாதம் உழைக்கிறார்கள். சியரா லியோனின் தலைநகர் பிரீடவுனில் நகரத்து இளைஞர்களே தங்களுக்கென முகமூடிச் சங்கங்கள் கண்டார்கள். யுனெஸ்கோ கெலடேயை 2008-இலும், இஜேலேயை 2009-இலும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், பட்டியலா உயிர் கொடுத்தது? இல்லை, ஆடும் கால்கள் கொடுத்தன!

சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதே உயிரின் இலக்கணம் என்று வகுப்பில் படிக்கிறோம். இக்கலையும் மாறியதால் அழியவில்லை, மாறியதால்தான் வாழ்கிறது.

குறையே இல்லையா? உண்டு. தாய்மாரைப் போற்றும் கெலடேயில் முகமூடி அணிந்து ஆடுவோர் ஆண்களே. அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கிழித்தெறிவது வேறு. முன்னதற்கே கல்வி, பின்னதற்கு ஆணவம் ஒன்றே போதும்.

கழற்ற வேண்டிய முகமூடி ஒன்று உண்டெனில், அது ‘படித்தவன்’ என்று நான் அணிந்திருந்ததே!