பெயர் எழுதப்படாத படங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கும் ஊர். இத்தகைய ஈரப்பதம் மிகுந்த மலையடிவாரத்திலும் புதுவீடு கட்டுவோர் வரவேற்பறையின் ஒரு சுவரைக் குடும்பப் படங்களுக்கென ஒதுக்கும் வழக்கம் பரவி வருகிறது. நல்ல வழக்கம்தான். ஆயினும், அச்சுவரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கடன் தொடர்பாக வீடுகளைப் பார்வையிடச் செல்லும் எங்களைப் போன்றோர் காணும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. ஒரே அளவிலான சட்டங்களில் திருமணம், சுற்றுலா, குழந்தையின் பிறந்தநாள். தாத்தா, பாட்டியின் படங்கள் சுவரின் நிறத்திற்குப் பொருந்தவில்லை என்று அலமாரியின் மேல்தட்டுக்குச் சென்றிருக்கும். பல வீடுகளில் அப்படி ஒரு படமே இருப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக் கலைஞராக விளங்கிய சக்கரியாஸ் டி குரூஸின் கருவி, அரண்மனைகளையும் நாட்டின் காட்சிகளையும் பதிவு செய்தது. தோட்டத் தொழிலாளியும் வயலில் நாற்று நட்ட பெண்ணும் தமக்கென ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வசதியைப் பெறப் பல தலைமுறைகள் ஆயின. அவர்களுள் பலருடைய முகம் முதன்முதலில் தாளில் பதிந்ததே ஏதேனும் ஓர் அடையாளச் சான்றுக்காகத்தான். 1993-இல் அறிமுகமான வாக்காளர் புகைப்பட அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எத்தனையோ மூதாட்டிகளுக்கு முதல் படத்தைத் தந்தன. சிலருக்கு அதுவே கடைசிப் படமும் ஆயிற்று.

மறைந்தவரின் கணக்கை முடிக்க வரும் பிள்ளைகள் கையொப்பங்கள் எல்லாம் முடிந்தபின் தயக்கத்துடன் கேட்பதுண்டு: “அம்மாவின் படம் அந்தப் படிவத்தில் இருக்குமா, சார்?” படிவம் வங்கியின் ஆவணம், அதிலிருந்து படத்தைப் பிரித்துக் கொடுத்துவிட இயலாது. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் மனத்தை விட்டு அகல்வதில்லை. பெற்றோர் நம்முடன் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய படம் அல்லவா அது?

ஆகவே, கடவுச்சீட்டு அளவிலான அந்தச் சிறு படம் சுவரின் நடுவில் இடம்பெற வேண்டும் என்பது எம் கருத்து. அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில் அதை ஸ்கேன் செய்தால், நல்ல படமாயின் இருமடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குன்றாது.

அடுத்தது பெயர். பத்தாண்டுகள் இயக்கமின்றிக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதியத்திற்கு மாற்றப்படுகிறது. உரியவர் பின்னர் வந்து கோரினால் அதை மீட்கலாம். பெயர் மறந்துபோன முகத்தை அவ்வாறு மீட்க வழியில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களை மின்வடிவில் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டது. அத்தகைய பழம்படங்களில் உடையும் நாற்காலியும் காலத்தைச் சொல்லும். அமர்ந்திருப்பவர் யாரென்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

கல்லாற்று வனப்பகுதியில் வாழும் காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாள் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே கூறும் அவருடைய அறிவு, தாயிடமிருந்து வந்தது. கேட்பதற்கு ஒரு மகள் இருந்ததால் அது பிழைத்தது. குடும்பப் படங்களுக்கும் இது பொருந்தும். மூத்தவர்களை அருகில் அமர்த்தி, பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுக. பேனா மை முன்புறம் ஊறிவிடக்கூடும்.

ஈரப்பதத்தையும் கருத வேண்டும். மழைச்சாரல் அறையும் வெளிச்சுவரையும் நேர்வெயில் படும் இடத்தையும் தவிர்த்து, உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று உலவும். படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு வைத்தால், ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாது. சுவரில் நகல் இருக்கட்டும். மூலப்படம் உலர்ந்த பெட்டியில் உறங்கட்டும். மின்பிரதி ஒன்று வேறோர் ஊரில் வாழும் உறவினரிடமும் இருக்கட்டும்.

இது மிகையான எச்சரிக்கை அன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் எத்தனையோ வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2011-இல் ஆழிப்பேரலை தாக்கிய ஜப்பானில், சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி உரியவர்களிடம் சேர்க்க முயன்றனர். அனைத்தையும் இழந்தவர்கள் படங்களைத் தேடி வந்தார்கள் என்பது, அவற்றின் மதிப்பை நமக்கு உணர்த்தும்.

வரும் ஓணத்திற்கோ பொங்கலுக்கோ குடும்பம் ஒன்றுகூடும்போது பழைய பெட்டியைத் திறந்து வையுங்கள். சட்டம் வாங்குவதும் ஆணி அடிப்பதும் பின்னர் ஆகட்டும். யார் யார் என்று அடையாளம் காட்டக்கூடிய பெரியவர் அன்று அவ்வறையில் இருக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.