ஐந்து ஓவர் ஆட்டத்துக்கு ஐந்நூறு ரூபா



பெருநாள் கழிந்தால் நமது ஊரில் சுற்றுப்போட்டிக் காலம் தொடங்கிவிடும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று ஒவ்வொரு ஊர்க் கழகமும் மென்பந்து கிரிக்கெட் போஸ்டரை வட்ஸ்அப்பில் இறக்கும். நடுவில் பெரிய கிண்ணம். அதன் கீழே கொட்டை எழுத்தில் முதற்பரிசுத் தொகை. தொலைபேசி இலக்கங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில், நுழைவுக்கட்டணம்.

அந்தச் சின்ன எழுத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். அதனால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கழகத்தின் கணக்கையும் இங்கே எடுக்கவில்லை. கணக்குக்கு வசதியாக ஒரு சுற்றுப்போட்டியைக் கற்பனை செய்வோம். 32 அணிகள். அணிக்கு 11 பேர். கட்டணம் 5,500 ரூபா, அதாவது ஆளுக்கு 500. சேரும் பணம் 1,76,000. முதற்பரிசு 75,000, இரண்டாம் பரிசு 35,000 என்று வையுங்கள். அந்த 1,10,000ஐ 32ஆல் வகுத்தால் ஓர் அணியின் கட்டணத்தில் ஏறக்குறைய 3,440 ரூபா பரிசுக்கே போகிறது. பந்து, நடுவர், ஒலிபெருக்கி, மைதானம், கிண்ணம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 2,060தான். விளையாடுவதற்காகக் கட்டிய காசில் பாதிக்கு மேல் வேறு யாரோ இரண்டு அணிகளின் சட்டைப் பைக்குப் போய்ச் சேருகிறது.

இனி அந்தக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நம் போட்டிகளில் பெரும்பாலானவை நொக்அவுட், அதாவது தோற்றால் வீட்டுக்கு. 32 அணிக்கு மொத்தம் 31 ஆட்டம். முதல் நாளே 16 அணிகள் வெளியே. இரண்டு ஆட்டம் ஆடுவது 8 அணி, மூன்று ஆடுவது 4, நான்கு ஆடுவது 2. ஐந்தும் ஆடுவது இறுதிக்கு வந்த இரண்டு அணிகள் மட்டும். பாதிப் பேர் ஐந்து ஓவர் துடுப்பெடுத்து, ஐந்து ஓவர் களத்தடுப்புச் செய்து, ஒரு மணித்தியாலத்துக்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதிலும் ஏழாம் எட்டாம் இலக்கத்தில் இறங்குகிறவனுக்குத் துடுப்பு கையில் படுவதேயில்லை. வெயிலில் நின்றதற்கு 500 ரூபா.

500 ரூபா ஒரு காசா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் எடுக்கும் வீட்டில் அது காசில்லைதான். வாப்பா கரைவலைக்குப் போகிற வீட்டில், வாடைக் காற்றில் கடலில் வள்ளம் இறங்காத கிழமையில், அது ஒரு நாள் கறிக்காசு. 2022இல் ஏறிய விலைகளில் பெரும்பாலானவை பழைய இடத்துக்கு இறங்கவில்லை என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கட்டணம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. ஒரே நிற ஜேர்சி வேண்டும், பெயர் அடிக்க வேண்டும், ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும், அன்றைய பகல் சாப்பாடு.

அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறான் தெரியுமா? உம்மாவிடம் கேட்பதில்லை. "எனக்குக் கால் நோ மச்சான், இந்த முறை வரல்ல" என்று சொல்லிவிட்டு மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்டுகிறான். இப்படிக் கால் நொந்த பிள்ளைகளை நான் நிறையவே கண்டிருக்கிறேன். கடற்கரைப் பள்ளிக்குப் பக்கத்து மணலில் அதே கால் அஸருக்குப் பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது.

வேறு வழியும் இருக்கிறது, அது இன்னும் மோசம். அணிக்காக யாராவது பணம் கட்டுகிறார்கள். தலைவன் கட்டினால் அவன் மச்சான்மார்தான் முதலில் துடுப்பெடுப்பார்கள். அரசியல்வாதி கட்டினால் ஜேர்சியின் முதுகில் அவர் பெயர், தேர்தல் வந்தால் பொடியன்மாரின் முதுகே அவருக்கு. பரிசுத் தொகை பெருக்கப் பெருக்க வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆட்களை இறக்குவதும் கூடுகிறது. இறுதிப் போட்டியில் நம் ஊர்க் கழகத்தின் பெயரில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் எந்த வீதி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நம் ஊர்ப் பொடியன் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறான்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நான் மௌலவி இல்லை. ஆனால் கட்டணம் எடுத்து அதிலிருந்தே பரிசு கொடுப்பதைப் பற்றி நம் உலமாக்கள் சொல்லாமல் இல்லை. போட்டியிடுகிற எல்லோரும் காசு போட்டு, வென்றவன் அதை எடுத்துக்கொண்டு, தோற்றவன் போட்டதை இழப்பது கிமார், அதாவது சூது என்ற வரையறைக்குள் வருகிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் முஸாபகா என்று இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. பரிசை ஆட்சியாளர் கொடுக்கலாம், போட்டியில் இல்லாத மூன்றாமவர் கொடுக்கலாம், இருவர் போட்டியிட்டால் ஒருவர் மட்டும் வைக்கலாம். இருவரும் வைத்தால், எதுவும் வைக்காத ஒருவரும் வெல்லும் வாய்ப்போடு நடுவில் சேர வேண்டும். எந்தெந்தப் போட்டிக்குப் பரிசு கூடும் என்பதிலும் அந்த நூல்களில் இறுக்கமான பேச்சு உண்டு. கட்டணம் பந்துக்கும் நடுவருக்கும் போய், பரிசை ஒரு கடைக்காரரோ கத்தாரில் இருக்கும் ஒரு தம்பியோ கொடுத்தால் விடயம் வேறாகிறது. இரண்டு பணமும் ஒரே பையில் கிடந்தால் எது எதற்குப் போனது என்று யார் சொல்வது? போஸ்டர் அடிக்க முதல் ஒரு ஆலிமிடம் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

சரி, வேறு எப்படித்தான் நடத்துவது? இங்கே ஒரு விசித்திரமான இடத்திலிருந்து உதாரணம் எடுக்கிறேன். என் மகன் யூடியூபில் ரிமோட் கார் ஓட்டப்போட்டி பார்ப்பான். பக்கத்தில் இருந்து பார்த்து எனக்கும் பழகிவிட்டது. பெருநாளைக்குச் சந்தையில் வாங்குகிற விளையாட்டுக் கார் என்று நினைக்காதீர்கள். பெரிய மனிதர்கள் மாதக் கணக்கில் கழற்றிப் பூட்டி ஓட்டுவது. இங்கிலாந்தில் இதற்கு ஊர் ஊராகக் கழகங்கள். அமெரிக்காவில் இதற்கான தேசியச் சங்கம் 1967இலேயே தொடங்கிவிட்டது. அந்த விளையாட்டில் நுழைவுக்கட்டணம்தான் மிகச் சின்னச் செலவு. காரும் பெற்றரியும் டயரும்தான் ஆளைத் தின்னும்.

ஆனாலும் அந்தக் கழகங்களின் சாதாரணப் போட்டி நாளில் மூன்று விடயங்கள் என் கண்ணில் பட்டன. முதலாவது, ஒருவரும் ஒரே ஓட்டத்தோடு வீட்டுக்குப் போவதில்லை. ஐந்து நிமிட ஓட்டங்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் கிடைக்கும். அதன் பிறகு வேகத்தைப் பார்த்து ஏ, பி, சி என்று இறுதிப் போட்டிகளையும் பிரிக்கிறார்கள். ஆகக் கடைசியாக வந்தவனுக்கும் தன் தரத்தில் ஒரு இறுதிப் போட்டி இருக்கிறது. வென்றவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கிண்ணம், அல்லது அதுவுமில்லை. இரண்டாவது, தன் ஓட்டம் முடிந்தவன் அடுத்த ஓட்டத்துக்குப் பாதை ஓரத்தில் நின்று, பிரண்ட கார்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. மூன்றாவது, சில பிரிவுகளில் எல்லோருக்கும் ஒரே வகை மோட்டார், ஒரே வகை டயர் என்று விதி போட்டுவிடுகிறார்கள். பணக்காரன் காசால் வேகத்தை வாங்காமல் இருக்கத்தான்.

வெள்ளைக்காரனிடம் படிக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் நடத்திய குதிரை ஓட்டம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதா வரை. அது ஐந்து ஆறு மைல். பயிற்றப்படாத குதிரைகளுக்குத் தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை. அது ஒரு மைல். இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களும் அதில் ஓட்டியவர்களில் ஒருவர். பலமானதையும் பலமில்லாததையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. தரம் பிரித்துத்தான் ஓடவிட்டார்கள்.

நம் 32 அணிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். நான்கு அணிக்கு ஒரு குழு, எட்டுக் குழு. ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். குழுவுக்கு 6 வீதம் 48 ஆட்டம், குழுவில் முதலிடம் வந்த எட்டு அணிக்கும் மேலும் 7. மொத்தம் 55. முன்பு 31, இப்போது 55, செலவு கூடும்தானே என்பீர்கள். கூடட்டும். பரிசை எடுத்துவிட்டால் மிஞ்சும் செலவு 66,000. ஒலிபெருக்கிக்கும் கிண்ணத்துக்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் செலவு ஏறாது, இருந்தாலும் எல்லாமே ஏறும் என்றே வைப்போம். 1,17,000 வரும். அணிக்கு ஏறக்குறைய 3,660. ஆளுக்கு 333 ரூபா. முன்பு முதற்சுற்றில் தோற்றவன் ஒரு ஆட்டத்துக்கு 500 கொடுத்தான். இப்போது யார் தோற்றாலும் வென்றாலும் மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு 111. ஓய்வில் இருக்கும் அணி நடுவருக்கும் ஓட்டப் பதிவுக்கும் ஆள் தந்தால் அதிலும் குறையும். இறுதிப் போட்டிக்கு மட்டும் பயிற்சி பெற்ற நடுவரைக் கூப்பிட்டால் போதும். அரையிறுதியில் எல்பிடபிள்யூக்குச் சண்டை பிடிக்க மென்பந்தில் எல்பிடபிள்யூவே இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளும் தெரியும். காசுப் பரிசு இல்லாவிட்டால் நல்ல அணி வராது, சனம் சேராது என்பார்கள். வெளியூர் அணிகள் சில வராமல் போகலாம், அது உண்மை. ஆனால் சந்தாங்கேணி மைதானத்தில் பக்கத்து வீதிக்கும் அடுத்த வீதிக்கும் ஆட்டம் என்றால் யார் வீட்டில் இருப்பார்? நம் சனத்துக்குப் பரிசுத் தொகை பொருட்டில்லை, எதிர் வீட்டுக்காரனை வெல்வதுதான் பொருட்டு.

மற்ற மறுப்பு நியாயமானது. கழகங்கள் போட்டியில் மிச்சம் பிடிக்கும் பணம்தான் பிறகு வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடாகவும், ஏழைப் பிள்ளைக்குக் கொப்பியாகவும் போகிறது. சுனாமியிலிருந்து இன்றுவரை நம் கழகப் பொடியன்மார் செய்த வேலையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பணத்தை அனுசரணையிலிருந்து திரட்டலாம். வெளிநாட்டிலிருந்து கேட்டால் அனுப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் 75,000 ரூபாப் பரிசுக்குக் கேட்பதற்குப் பதிலாகப் பந்துக்குக் கேளுங்கள், இரண்டு நல்ல துடுப்புக்குக் கேளுங்கள். கழகத்துக்குச் சொந்தமான துடுப்பு இருந்தால் அதைத்தான் எல்லா அணியும் பாவிக்க வேண்டும் என்று விதி போடலாம். ஒரே மோட்டார் விதி மாதிரி. அனுசரணைக் கணக்கையும் கட்டணக் கணக்கையும் தனித்தனியாக எழுதி, போட்டி முடிந்த கிழமையில் அதே வட்ஸ்அப் குழுமத்தில் போடுங்கள்.

லசித் மாலிங்கவின் கதை உங்களுக்குத் தெரியும். காலிப் பக்கம் ரத்கமவில் கடற்கரையிலும் தென்னந்தோப்பிலும் மென்பந்து வீசித் திரிந்த பிள்ளை. கை வளைந்த அந்த வீச்சே மென்பந்தில் வந்தது. பிறகு சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டார். 2014இல் இலங்கை இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தை வென்றபோது இறுதிப் போட்டியில் அணித் தலைவர் அவர்தான். கண்ணில் படுவதற்கு முதலில் மைதானத்துக்குள் நிற்க வேண்டும். நம் கடற்கரையிலும் அப்படி வீசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டு.

அடுத்த போட்டியை நடத்தப்போகும் தம்பிமார் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, இந்த முறையில் நடத்திப் பாருங்கள். குழுக்களுக்கான போட்டி நிரல் 32 அணிக்கும் 24 அணிக்கும் என்னிடம் தயாராக இருக்கிறது. எந்த அணி எந்த ஆட்டத்துக்கு ஓட்டம் பதிய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், ஒரு பென்டிரைவ் கொண்டு வாருங்கள்.