ஐப்பசியில் வராதீங்க தம்பி

எங்கள் மேட்டுப்பாளையத்தில் ஜீப்பை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்ட ஆள் இருக்கிறது, ஓட்டத்தான் இடமில்லை. கோவைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது ஊட்டி ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் அல்ல, புதுச்சேரி வழுதாவூர் சாலை மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் இருக்கிற ஊர். லாரிக்கு வெல்டிங் வைக்கிற கை ஜீப்புக்கு பம்பர் வளைக்காதா? தார் வாங்கிய பையன்கள் ஸ்பிரிங் ஏற்றவும் வின்ச் பொருத்தவும் இங்கேதான் வருகிறார்கள். மஹிந்திராவின் புதிய தார் 2020 அக்டோபரில் வந்த பிறகு இந்தக் கூட்டம் பெருகிவிட்டது. ஞாயிறு விடியற்காலையில் டயரில் காற்றை இறக்கிக்கொண்டு ‘ஆஃப்ரோடு’ கிளம்புகிறார்கள். கிளம்பி எங்கே போவது?

புதுச்சேரி வட்டாரம் மொத்தமே 290 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுவும் ஒரே துண்டு அல்ல. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டையிட்டுப் பிரித்துக்கொண்டதன் மிச்சமாக, தமிழ்நாட்டு கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் ஊசுட்டேரி. ஏரியின் ஒரு பங்கு நமக்கு, மறு பங்கு தமிழ்நாட்டுக்கு. நம் பக்கம் 2008இலும் அந்தப் பக்கம் 2014இலும் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஆக, கரையில் சக்கரம் வைக்க முடியாது. அதைத் தாண்டினால் கரும்பு, சவுக்கு, முந்திரி, மல்லாட்டைக் கொல்லை. எல்லாமே யாரோ ஒருவருடைய நிலம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ஜீப் மன்றங்கள் வனத்துறையோடு மல்லுக்கட்டுகின்றன என்றால், நம் பையன்கள் பேச வேண்டியது பட்டாதாரரோடு.

வானூர்ப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. செம்மண் மேடு, நடுவில் மழைநீர் அரித்த ஓடை, ஏறி இறங்க வாகான சரிவு. சில காலம் பையன்கள் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் வழியில் கருங்கல் நட்டு முள்ளைப் போட்டு அடைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரின் சொந்தக்காரர் தோப்பு என்பதால், என்ன விஷயம் என்று கேட்கப் போனேன். பெரியவர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். அதன் பிறகுதான் ஆரம்பித்தார்.

“வண்டி வரதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஐப்பசியில வராதீங்க தம்பின்னேன். அப்பதான் ஐயா சேறு நல்லா இருக்கும்னு சொல்றானுங்க.”

விவகாரம் முழுக்க இந்த ஒரு வரியில் அடக்கம். வண்டிக்காரனுக்கு மண் எப்போது இனிக்கிறதோ, அப்போதுதான் நிலத்துக்காரனுக்கு அது நோகும். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய செம்மண்ணில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஒரு முறை ஏறினால் இரண்டு பள்ளம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மழையில் அது வாய்க்கால், அஞ்சாறு வருஷத்தில் ஓடை. பொம்மையார்பாளையம் பக்கம் செம்மண் பள்ளத்தாக்கு என்று இன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, மண்ணைப் பிடித்துக்கொள்ள மரம் இல்லாத மேட்டை மழை அறுத்ததுதான் அது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் கிட்டத்தட்ட பொட்டல். அங்கே வந்து தங்கியவர்கள் மரம் நட்டதோடு நில்லாமல் வரப்பு வரப்பாகப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். விழுந்த மழை கடலுக்கு ஓடாமல் நின்ற இடத்திலேயே இறங்கியதால்தான் காடு வந்தது. அந்த மாதிரி ஒரு வரப்பை உடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெரியவரின் கோபம் பையன்கள் உடைத்த வரப்போடு முடியவில்லை. ரொம்பத் தயங்கி இன்னொன்று சொன்னார்: “தடம் விழுந்துட்டா பாதைன்னு சொல்லிடுவாங்க.” பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு இந்த பயம் புரியும். நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வண்டிப்பாதையில் போக வர உள்ள பாத்தியம்’ என்ற வரிக்காக நடந்த அடிதடியும் வழக்கும் எத்தனை! தமிழ்நாட்டுப் பக்கம் இதற்கு ஆதாரமாகக் காட்டுவது 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம். அதன் 15ஆவது பிரிவின்படி, பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் உங்கள் நிலத்தின் வழியே 20 வருஷம் வெளிப்படையாக, தடங்கல் இல்லாமல், உரிமையோடு போய்வந்திருந்தால் அந்த வழி அவர் நிலத்துக்குப் பாத்தியமாகிவிடும். ஊரிலிருந்து ஜீப்பில் வருகிற பையனுக்குப் பக்கத்தில் நிலம் கிடையாது. அவனுக்கு இந்தப் பாத்தியம் வராது. பெரியவரின் பயம் அவனைப் பற்றியதும் அல்ல. அவன் போட்ட தடத்தில் நாளைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் டிராக்டரை விடுவார், மறுநாள் மனை போடுகிறவர் வந்து ‘இங்கே ஏற்கெனவே பாதை இருக்கிறதே’ என்பார். பாதை இருந்தால் மனை விலை என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலத்துக்காரர்கள் எதற்கு அஞ்சுகிறார்களோ அதற்கு மருந்தே அவர்கள் போட மறுக்கிற கையெழுத்துதான். ‘இந்த நாட்களில், இந்த வழியாக, என் அனுமதியின் பேரில்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது உரிமை ஆகாது. அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு அதை வெறும் உரிமம் என்கிறது. உரிமத்தை, சில விலக்குகள் போக, கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அனுமதியில் போகிறவன் 40 வருஷம் போனாலும் பாத்தியம் பிறக்காது. வாய்ப்பேச்சில் விட்டதுதான் பிற்பாடு வழக்காகிறது. இதை ஒரு வக்கீல் நண்பரை வைத்து அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள் என்று பையன்களிடம் சொன்னேன். “கையெழுத்து கேட்டா பயந்துடுவாங்க அண்ணே” என்றார்கள். நீங்கள் வாங்கப் போகிற கையெழுத்து இல்லை, கொடுக்கப் போகிற கையெழுத்து என்றேன். கீழே ஒப்பமிடுவது மன்றம். பத்திரமாக வைத்துக்கொள்வது தோப்புக்காரர்.

ஆனால் ஒரு நிலத்துக்கு ஒரு ஆள்தான் சொந்தம் என்று பட்டாவைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. பட்டாதாரர் சென்னையில் இருப்பார். குத்தகைக்காரர் ஊரில் இருப்பார். முந்திரி பொறுக்குகிற பெண்கள் வேறு ஊரிலிருந்து வருவார்கள். அறுப்பு முடிந்தால் ஆட்டுக்காரர் வருவார். வாய்க்காலுக்கு ஒரு சங்கம் இருக்கும். இந்த வட்டாரத்தில் அது பழைய ஏற்பாடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாகூர் மாதிரி ஏரிகளைப் பார்த்துக்கொள்ள பாசனத்தார் சங்கங்கள் ‘சேந்திக்கா அக்ரிக்கோல்’ என்ற பெயரில் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டத்திலும் ஊருக்கு ஊர் சங்கம் வைத்துத்தான் வேலை நடந்தது. போனில் பட்டாதாரர் “போங்க தம்பி” என்று சொன்ன அனுமதிக்கு, அன்று காலை மடையில் நிற்கிறவரிடம் என்ன மதிப்பு?

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் 2022 மே மாதம் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஜீப் மன்றம் ஆஃப்ரோடு நிகழ்ச்சி நடத்தியது. இடம் தனியாருடையது. நடிகர் ஜோஜு ஜார்ஜ் வண்டி ஓட்டிய வீடியோ பரவியது. உடனே புகார். மாவட்ட நிர்வாகம் இப்படிப்பட்ட பந்தயங்களை ஏற்கெனவே கட்டுப்படுத்தியிருந்தது. மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பி அபராதம் வாங்கியது. அதைவிட முக்கியமான கேள்வியைக் கிளப்பியது நிலம் பற்றிய புகார். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு தருவது, அங்கே தோட்டப் பயிர் நடக்கிறது என்பதற்காக. தேயிலை நிலத்தில் ஜீப் விட்டால் அந்த விலக்கு என்ன ஆகும்? அனுமதி கொடுத்த தோட்டத்துக்கே தலைவலி. அதன் பிறகு எந்தத் தோட்ட மேலாளர் கதவைத் திறப்பார்?

அதே இடுக்கி மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்து மலை. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வண்டி ஏற வழி கிடையாது. குரங்கணியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்து சூரியநெல்லிக்குப் போய், தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடே கல்லும் குழியுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குலுங்க வேண்டும். கிட்டத்தட்ட முழுக்கத் தனியார் தோட்டப் பாதை. விடியல் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், கட்டணம் கட்டுகிறார்கள், தோட்டம் கதவை அடைக்கவில்லை. ஏன்? ஓட்டுகிறவர்கள் சூரியநெல்லிக்காரர்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எந்த வளைவில் கொழுந்து எடுப்பவர்கள் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தடம் கெட்டால் மறுநாள் அவர்கள் பிழைப்பு கெடும். சொந்த வண்டியில் வருகிற சுற்றுலாக்காரர் என்ன ஜம்பம் பேசினாலும், கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். மன்றக்காரர்களுக்கு இது கசக்கும். வண்டி ஓட்டும் ஆசையில் வந்தவனைப் பின்சீட்டில் உட்கார வைக்கிற ஏற்பாடு. என்றாலும் பல வருஷமாக அந்தத் தடம் உயிரோடு இருக்கிறது.

அதுவும் கண்ணாடிப் பாத்திரம்தான். 2025 ஜூலையில் மூணாறு பக்கம் ஒரு ஜீப் கவிழ்ந்து தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணி இறந்தபோது, மாவட்ட ஆட்சியர் இடுக்கி முழுவதும் ஜீப் சவாரியை நிறுத்தினார். எங்கோ ஒருவர் செய்த தவறுக்கு ஒழுங்காக ஓட்டியவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். கொழுக்குமலையின் இந்தப் பக்கச் சரிவில் 2018 மார்ச் 11ஆம் தேதி நடந்ததை யாரும் மறக்கவில்லை. குரங்கணிக் காட்டுத்தீ, 23 உயிர்கள். அவர்கள் ஜீப்பில் வந்தவர்கள் அல்ல, நடந்தவர்கள். ஆனாலும் மலைப் பாதைகள் முழுக்க அடைபட்டன, அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அரசே பாதைகளைப் பட்டியலிட்டுக் காசு வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் திட்டம் வந்தது 2024இல்தான். ஆறு வருஷம்.

வெளிநாட்டில் இதெல்லாம் சட்டத்தில் தீர்ந்திருக்கும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் குதிரை வண்டி போன பழைய தடமென்றால் மோட்டார் வண்டியும் போகலாம் என்று மன்றங்கள் நெடுங்காலம் வாதாடி வந்தன. 2006இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பதிவேட்டில் ஏறாத அத்தகைய மோட்டார் உரிமைகளில் பெரும்பாலானவற்றை ஒரே கோட்டில் அழித்தார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பனிவண்டித் தடங்கள் ஆயிரக்கணக்கான மைல்; மிகப் பெரும்பகுதி தனியார் நிலத்தில் ஓடுகிறது. அங்கே உரிமை என்று யாரும் வாய் திறப்பதில்லை. மன்றத்து ஆட்கள் வருஷா வருஷம் நிலத்துக்காரரைப் போய்ப் பார்க்கிறார்கள், விழுந்த மரத்தை அறுக்கிறார்கள், பாலத்துக்குப் பலகை அடிக்கிறார்கள். காசு வாங்காமல் நிலத்தைத் திறந்துவிடுகிறவர் மேல், அங்கே யாராவது விழுந்து அடிபட்டால் பெரும்பாலும் பொறுப்பு விழாதபடி மாநிலச் சட்டம் காக்கிறது. நம் ஊரில் தோப்புக்குள் ஒரு பையன் காலை உடைத்துக்கொண்டால் முதல் போன் தோப்புக்காரருக்குத்தான் வரும். வண்டிக் காப்பீட்டிலோ பந்தயமும் வேகச் சோதனையும் சேராது என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள், படிப்பவர் யார்?

மன்றங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சென்னையின் டெரா டைகர்ஸ் பாலாறு சேலஞ்ச் என்று போட்டியே நடத்தியவர்கள். ஒரு வண்டியைச் சேற்றிலிருந்து இழுப்பது எப்படி என்று இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. சொல்லப்போனால் கிராமத்துக்குத் தேவையான வித்தையே அதுதான். மழையில் டிராக்டர் புதைந்தால், சவுக்கு ஏற்றிய லாரி சரிந்தால், மரம் சாய்ந்து வழி அடைத்தால், வின்ச் வைத்த நாலு வண்டி பக்கத்து ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த எண் இருக்கிறதா? இல்லை. ஸ்டிக்கரில் இன்ஸ்டாகிராம் முகவரி இருக்கிறது.

நம் பையன்களை அழைத்துக்கொண்டு பெரியவரிடம் மறுபடி போனபோது இவற்றில் கொஞ்சம்தான் பேசினோம். முந்திரி பொறுக்கி முடிந்து, மல்லாட்டை விதைப்பதற்கு முன்னால், வைகாசிக் கடைசியில் இரண்டு ஞாயிறு தருவதாக ஒப்புக்கொண்டார். ஓடைச் சரிவு வரைக்கும் போகலாம், கிழக்கு வரப்பைத் தொடக் கூடாது. பாட்டு போடக் கூடாது. குத்தகைக்காரரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், வெறுங்கையோடு வேண்டாம். உடைந்த வரப்பை அதற்கு முன்னால் கட்டித் தர வேண்டும். ஜேசிபி விட்டால் மண் இளகிவிடும் என்பதால் மண்வெட்டிதான். ஒரு பையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். காகிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மகன் வந்ததும் காட்டுகிறேன் என்று சட்டைப் பையில் மடித்து வைத்தார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார்.